பூவில் விழுந்த போகஸ்

அழிச்சுப்போடாதீங்க சார். ஒரு நிமிசம், ஒரே நிமிசம். அந்தப் பட்டன்ல இருந்து கையை எடுங்க.

பக்கத்துல உக்காந்துட்டு எட்டிப் பாக்கறது மரியாதை இல்லதானுங்க. ஆனா தாராபுரம் பஸ் ஸ்டேண்டுல ஏறினதுல இருந்து பாத்துட்டே வர்றேன். ஒவ்வொரு படமா எடுத்துப் பாக்கறீங்க, ‘ச்சை’ங்கறீங்க, அழிச்சுப்போடறீங்க. இதோட பதினொண்ணு. அந்த மீன்கொத்திப் படத்தைச் சித்தே பெருசு பண்ணிக் காட்டுங்க. கண்ணுக்கிட்ட. ம்... மசமசன்னு இருக்குது. இப்ப அப்படியே வாலுக்குப் போங்க. பாத்தீங்களா? எறகு எறகாத் தெரியுது.

உங்க கையில தப்பில்லீங்க. கண்ணுலயும் தப்பில்ல. நீங்க பறவையோட கண்ணுலதான் புள்ளி வெச்சிருக்கீங்க, கேமரா நாலு விரக்கடை தாண்டிப் போயி வாலுல நின்னுக்குது. இதுக்கு வைத்தியம் இருக்குது. வீட்டுக்குப் போயி அஞ்சு பேட்டரிய மேசை மேல சாய்வா வரிசையா நிறுத்தி வைங்க, ஒண்ணுக்கு ஒண்ணு முன்னப் பின்ன. கேமராவை ஸ்டேண்டுல போட்டு, நடு பேட்டரியில போகஸ் வெச்சு எடுங்க. எது தெளிவா விழுகுதுன்னு பாருங்க. கேமராவுக்குக் கிட்ட இருந்து எண்ணி நாலாவது தெளிவா இருந்தா கேமரா பின்னால போகுது. ரெண்டாவது தெளிவா இருந்தா முன்னால நின்னுக்குது. மெனுவுல அதைத் திருத்தறதுக்கு ஒரு எடம் இருக்குது. கூட்டறதோ கழிக்கறதோ, ஒவ்வொரு புள்ளியா நகத்தி நகத்திப் பாத்தாச் சரியாப் போயிரும். ஒரு சாயங்கால வேலை.

இவ்வளவுதானுங்க. இந்த நாலு வார்த்தைய நான் ஒருத்தன்கிட்டச் சொல்லியிருக்கோணும். சொல்லல. ஏழு வருசமாச்சு.

என்ற பேரு லோகநாதனுங்க. உடுமலையில ஸ்டுடியோ வெச்சிருக்கறேன். கல்யாணம், காதுகுத்து, சீரு, எல்லாம் எடுக்கறதுதான். இன்னிக்கும் ஒரு கல்யாணம் எடுத்துட்டுத்தான் வர்றேன். மத்த சாமானெல்லாம் வேன்ல போயிருச்சு. எனக்கு வேன்ல உக்காந்து எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசிட்டு வர முடியல, அதான் பஸ்ஸுல ஏறிட்டேன். கல்யாணம் யாரூட்டுதுன்னா, திருமூர்த்தி பொண்ணோடது. அந்த ஒருத்தன் அவன்தானுங்க.

நானும் அவனும் சேந்து ஆரம்பிச்ச ஸ்டுடியோ அது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி ரெண்டு கேமரா பாடி, ஒரே மாதிரி ரெண்டு லென்ஸ், ஒரே நாள்ல கோயமுத்தூர் போயி வாங்கிட்டு வந்தோம். பொட்டிகூட ஒண்ணு போலவே இருக்கும். அவன் லென்ஸ் மூடி உள்பக்கத்துல ‘தி’ன்னு பேனாவுல எழுதி வெச்சுக்கிட்டான்.

திருமூர்த்தி எடுத்தா எப்படி இருக்கும்னு சொல்றேன் கேளுங்க. பொண்ணு தாலி கட்டற நேரத்துல குனிஞ்சிருக்கும் பாருங்க, அப்ப கண்ணிமை முடிய ஒண்ணொண்ணா எண்ணலாம். மிகைப்படுத்திச் சொல்லலீங்க. எண்ணியே காமிச்சிருக்கறாங்க, ஒரு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க. அதனால யாரு புக் பண்ண வந்தாலும் ஒரே பேச்சுதான். ‘முகூர்த்தத்துக்குத் திருமூர்த்திய நிக்கச் சொல்லுங்க.’ நான் எங்க நிக்கறது? பந்தியில. வாசல்ல சந்தனம் குடுக்கற எடத்துல. இல்லீன்னா வீடியோ. எனக்கு அதுல வருத்தமே இல்லீங்க. தொழில்னா அப்படித்தான். ஒருத்தன் மணவறைக்கு, ஒருத்தன் பந்திக்கு. எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்ல.

அந்த வருசம் கார்த்திகையில என்ற லென்ஸக் கேமராவோட கீழ போட்டுட்டேன். ஒரு மண்டபத்துல, மேடைப் படியில. கேமராப் பட்டையக் கழுத்துல மாட்டாம கையிலயே சுத்திட்டு ஏறினேன், படிக்குப் படி உருண்டு போச்சு. எடுத்துப் பாத்தா கீறல்கூட இல்ல. ஆனா அடுத்த நாள் படத்தப் பாக்கறேன், கண்ணுல போகஸ் வெச்சா முன்னாடி நீட்டற கையில போயி நிக்குது. லென்ஸுக்குள்ள எதோ ஆடிப்போச்சு.

திருமூர்த்திகிட்டச் சொல்லியிருக்கலாம். சொன்னாத் திட்ட மாட்டானுங்க. அதான் சிரமம். ‘பட்டைய மாட்டு மாப்ளே’ன்னு மூணு தடவை சொல்லியிருக்கறான். நாலாவது தடவை சொல்ல மாட்டான், சும்மா பாப்பான். அந்தப் பார்வைய வாங்கறதுக்கு நாலு அறை வாங்கிக்கலாம்.

அதனால நானே சரி பண்ணினேன். இப்ப உங்களுக்குச் சொன்னேன் பாருங்க, அஞ்சு பேட்டரி, அதேதான். போன்ல வீடியோ பாத்து, பாஷை புரியாம, படத்தை மட்டும் பாத்துக் கத்துக்கிட்டேன். திருமூர்த்தி இல்லாத ரெண்டு சாயங்காலம். கூட்டல் பதினாறுல போயி நின்னுச்சு. நடு பேட்டரி பளிச்சுனு விழுந்துச்சு. அப்படியே துள்ளினேன். ஆனா யார்கிட்டச் சொல்லறது? கீழ போட்டதையும் சேத்தில்ல சொல்லோணும்.

இங்கதானுங்க சார் ஒரு சங்கதி இருக்குது. கவனமாக் கேட்டுக்குங்க, உங்களுக்கும் உதவும். அந்தத் திருத்தம் லென்ஸுக்குள்ள போறதில்ல. பாடிக்குள்ள போயி உக்காந்துக்குது. இப்ப ஒரு கடிகாரம் அஞ்சு நிமிசம் மெதுவா ஓடுதுன்னு வைங்க. ‘இந்தக் கடிகாரத்தப் பாத்தா அஞ்சு நிமிசம் கூட்டிக்க’ன்னு நம்ம வேலைக்காரன்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறோம். அவன் கடிகாரத்து மேல போட்டிருக்கற கம்பெனிப் பேரப் பாத்துத்தான் கூட்டறான். அதே கம்பெனியில நல்லா ஓடற கடிகாரத்தக் கொண்டாந்து மாட்டினாலும் அஞ்சு நிமிசத்தக் கூட்டிருவான். அவனுக்கு எப்படித் தெரியும்? எங்க பாடியும் அப்படித்தான். லென்ஸோட ரகத்தப் பாக்கும், ஆளைப் பாக்காது.

இது எனக்கு அப்பத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. மொதத் தடவை தெரியாது.

தை மாசம், நல்ல சீசன். திருமூர்த்தியோட பாடியில ஷட்டர் போயிருச்சு. சர்வீஸுக்கு அனுப்பினோம், இருவது நாள் ஆகும்னுட்டாங்க. அந்த வாரம் ஒரு தோப்புக்காரர் ஊட்டுக் கல்யாணம். பெரிய கை. திருமூர்த்தி கேட்டான், ‘மாப்ளே, உன்ற பாடியக் குடு, என்ற லென்ஸப் போட்டு எடுத்துக்கறேன். நீ வீடியோ பாத்துக்க.’ குடுத்தேன். அவன் லென்ஸ் நல்ல லென்ஸ். என்ற பாடி பதினாறு கூட்டிக் குடுக்கற பாடி.

அந்தக் கல்யாணத்துல இணைச்சீர் நடந்துச்சு. எங்க பக்கத்துக் கல்யாணம் நீங்க பாத்திருக்கீங்களா சார்? முகூர்த்தத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையோட கூடப் பொறந்தவ வந்து உக்காந்து செய்யற சீரு. அக்காளோ தங்கச்சியோ, அவ இல்லாம அது நடக்காது. அந்தத் தோப்புக்காரரு பொண்ணு எட்டு வருசத்துக்கு முன்னாடி தன் இஷ்டத்துக்கு யாரையோ கட்டிட்டுப் போனவ. ஊட்டுல பேச்சு வார்த்தை இல்ல. அக்கா தங்கச்சி மொறையில வேற ஒருத்தி வந்து உக்காருவான்னுதான் எல்லாரும் நெனச்சிருந்தாங்க. திடீர்னு அவளே வந்துட்டா. அவ தம்பி, அதான் மாப்பிள்ளைப் பையனே, போயிக் கூட்டிட்டு வந்திருக்கறான். மண்டபமே எந்திருச்சு நின்னுச்சுங்க. அப்பன்காரரு தலையில போட்டிருந்த துண்ட எடுத்து மூஞ்சியப் பொத்திக்கிட்டாரு. வீடியோ எடுத்துட்டு இருந்த எனக்கே கண்ணுல தண்ணி. திருமூர்த்தி மண்டி போட்டு அவ மூஞ்சிய எடுத்துட்டே இருந்தான். நாப்பது அம்பது படம்.

பத்து நாள் கழிச்சு ஆல்பத்துக்குப் படம் பொறுக்க அவரு வந்தாரு. மானிட்டர்ல பெருசாப் போட்டோம். மொதப் படம், மசமச. அடுத்தது, மசமச. அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் போட்டுக்கிட்டாரு. மறுபடியும் பாத்தாரு. அப்பறம் சொன்னாரு, ‘ஏப்பா, தலையில வெச்ச மல்லிப்பூ மொட்டு மொட்டாத் தெரியுது. பின்னால உக்காந்திருக்கறவ சேலை ஜரிகை தெரியுது. எம்பொண்ணு மூஞ்சி எங்கப்பா?’

எட்டு வருசம் கழிச்சுப் பாத்த மூஞ்சிங்க அது. அவரு கத்தினாரு. கத்தி முடிச்சுட்டு உக்காந்து அழுதுட்டாரு. அது அதுக்கு மேல.

நான் பின்னாடி நின்னுட்டு இருந்தேன். பூவப் பாத்த ஒடனே எனக்குப் புரிஞ்சு போச்சுங்க. கூட்டல் பதினாறு.

திருமூர்த்தி வேர்த்துப்போயி நிக்கறான். என்னைத் திரும்பிப் பாத்துக் கேட்டான், ‘மாப்ளே, பாடியில ஏதாச்சும் கோளாறு இருக்குமா?’

நான் பொய் சொல்லல. ஒரு வார்த்தை பொய் சொல்லல. அதுக்கு முந்தின வாரம் அதே பாடியில நான் எடுத்த வரவேற்புப் படம் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. எடுத்துப் போட்டுக் காமிச்சேன். கண்ணு, மூக்குத்தி, எல்லாம் பளிச்சு. ‘இதே பாடிதான் மாப்ளே’ன்னேன். இதே பாடிதானே? அதே ரக லென்ஸ்தானே? எதுல பொய்?

அவன் அந்தப் படத்தையே பாத்துட்டு இருந்தான். ‘அப்ப நான்தான்’னான். மெதுவாச் சொன்னான். தோப்புக்காரரு காதுல அது நல்லாவே விழுந்துச்சு.

அப்ப நான் என்ன நெனச்சேன்னு சொல்லட்டுங்களா? பாவமேன்னு நெனச்சேன். நெசமா நெனச்சேன். அன்னிக்கு ராத்திரிச் சோறு எறங்கல. ஆனா அதுக்கு முன்னாடி, அவன் ‘நான்தான்’னு சொன்ன அந்த நொடியில, ஒரு சின்ன... எப்படிச் சொல்றது... நல்லா இருந்துச்சுங்க. கொஞ்ச நேரந்தான். ஒரு நொடிதான் இருக்கும். மனுசன்னா வரத்தானே செய்யும்?

சரி. நீங்க கேக்கலாம், அப்பறமாவது அந்தப் பதினாற எடுத்துட்டியான்னு. எடுத்திருக்கோணும். மெனுவுல போயி அணைக்கறதுக்கு ரெண்டு நிமிசம் ஆகாது. ஆனா சீசன் பாருங்க. ஒரு நாளைக்கு ரெண்டு முகூர்த்தம். அதுவுமில்லாம அத எடுத்துட்டா என்ற லென்ஸுல நான் எடுக்கறது கெட்டுப்போகும். அதுவுமில்லாம திடீர்னு படம் சரியாப் போச்சுன்னா அவன் யோசிக்க மாட்டானா, எப்படிச் சரியாச்சுன்னு? அப்பறம் எடுத்துக்கலாம், அவன் பாடி சர்வீஸுல இருந்து வந்துட்டாத் தானாச் சரியாப் போயிரும்னு விட்டுட்டேன்.

அதுக்குள்ள இன்னும் ரெண்டு கல்யாணம் எடுத்தான். அதே பாடி. அதே பூ. அதே ஜரிகை.

மூணாவது கல்யாணத்துக்கு அப்பறம் ஊருக்குள்ள பேச்சாயிருச்சு. ‘திருமூர்த்திக்குக் கண்ணு மங்கிப்போச்சாமா.’ எங்க ஊருல ஒரு பேச்சு கெளம்பினா அப்பறம் அத நிறுத்த ஆண்டவனே வந்தாலும் ஆகாது. அடுத்த புக்கிங்குக்கு வந்தவங்க அவன் எதுக்கவே கேட்டாங்க, ‘முகூர்த்தத்துக்கு லோகு நிக்கட்டுங்களா?’ நானாக் கேக்கலீங்க. அவங்களாத்தான் சொன்னாங்க. நான் மணவறைக்குப் போனது அப்படித்தான். என்ற வாழ்க்கையில மொதத் தடவை. புதுச் சட்டை எடுத்துப் போட்டுட்டுப் போனேன்.

அவன் பாடி திரும்பி வந்துச்சு. இனிமே எல்லாம் சரியாயிரும், நாம ஒண்ணும் சொல்லவே வேண்டியதில்லைன்னு இருந்தேன். கேமரா சரியாத்தான் இருந்துச்சு. ஆளு சரியில்லாம போயிட்டானுங்க. ஒரு படம் எடுப்பான், ஒடனே குனிஞ்சு ஸ்கிரீனப் பாப்பான். பெருசு பண்ணுவான். கண்ணத் தேடுவான். இன்னொரு படம், மறுபடியும் குனிவான். முன்னெல்லாம் கேமராவக் கண்ணுல வெச்சா ஒரு மணி நேரம் கீழ எறக்க மாட்டான், பாருங்க.

கணியூர்ல ஒரு கல்யாணம். மணவறைக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவன். கெட்டி மேளம் முழங்குது. எல்லாரும் அட்சதை போடறாங்க. அவன் குனிஞ்சு ஸ்கிரீனப் பாத்துட்டு இருக்கறான். நிமிந்து பாக்கறதுக்குள்ள மூணு முடிச்சும் விழுந்து போச்சு. அவன் மூஞ்சிய நான் பாத்தேன். நல்ல வேளை நான் அந்தப் பக்கத்துல இருந்து எடுத்துட்டேன். ‘நல்ல வேளை லோகு இருந்தான்’னு எல்லாரும் சொன்னாங்க. அவனும் சொன்னான்.

அப்பறம் நான்தானுங்க அவனக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கோயமுத்தூருக்கு, என்ற பைக்குலயே. ஒரு நாள் வேலைய விட்டுட்டுப் போனேன். யாரு போவாங்க அப்படி? மருந்து ஊத்தி, லைட்டு அடிச்சு, எழுத்தெல்லாம் படிக்கச் சொல்லி, அரை நாள். நான் கூடவே உக்காந்திருந்தேன். கடைசி வரி வரைக்கும் படிச்சான். டாக்டரம்மா சிரிச்சுட்டே சொன்னாங்க, ‘உங்க கண்ணு இருவது வயசுப் பையன் கண்ணு மாதிரி இருக்குது. எதுக்கு வந்தீங்க?’

வெளிய வந்து டீக்கடையில நின்னான். டீயக் கையில வெச்சுட்டே நிக்கறான், குடிக்கல. ‘கண்ணு நல்லா இருக்குதாமா மாப்ளே’ன்னான். எதோ கேன்சருன்னு சொன்ன மாதிரி. கண்ணுல கோளாறுன்னாக் கண்ணாடி போட்டுக்கலாம். கண்ணுல இல்லைன்னா? ‘கையில இருக்குமா? மனசுல இருக்குமா?’ன்னு என்னையக் கேக்கறான். நான் டீக்குக் காசு குடுத்தேன். ‘வெசனப்படாத மாப்ளே, எல்லாம் சரியாப் போகும்’னேன்.

அந்த எடத்துல சொல்லியிருக்கலாம். பைக்குல வர்றப்பச் சொல்லியிருக்கலாம், மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல, முன்னாடி பாத்துட்டே சொல்லியிருக்கலாம். பொள்ளாச்சி வந்துச்சு. தாண்டிருச்சு. உடுமலை வந்துருச்சு.

சித்திரையோட விட்டுட்டான். சம்சாரம் ருக்குமணியோட ஊரு தாராபுரம் பக்கம். மாமனார் கோழிப் பண்ணை வெச்சிருக்கறாரு, அதப் பாத்துக்கறேன்னு போயிட்டான். நான் எவ்வளவோ சொன்னேன், போகாதன்னு. ஊரே சாட்சி. பஸ் ஏத்திவிட நான்தான் போனேன். அப்பறம் ஒவ்வொரு தீவாளிக்கும் அவனுக்குத் துணி எடுத்துக் குடுப்பேன், புள்ளைக்கு எடுத்துக் குடுப்பேன். புள்ளை பெரிய மனுசி ஆனப்ப சீரு முழுக்க நான்தான் எடுத்தேன், ஒத்தப் பைசா வாங்கல. அவன் தூரத்துல நின்னு எனக்கு லைட்டு புடிச்சான். லைட்டு புடிக்கச் சொல்லி நான் சொல்லல சார். அவனா வந்து புடிச்சான்.

இப்ப வர்ற புதுக் கேமராவுல இந்தத் தொல்லையே கெடையாதுங்க. அதுவே கண்ணத் தேடிப் புடிச்சுக்குது. கூட்டலும் இல்ல, கழித்தலும் இல்ல. அந்தப் பழைய பாடிய நான் போன வருசம் வித்துட்டேன். ‘எல்லாத்தையும் அழிச்சுருங்க’ன்னு கடைக்காரன்கிட்டச் சொன்னேன். அவன் ஒரு பட்டன அமுத்தினான், பதினாறு போயிருச்சு.

இன்னிக்குச் சொன்னியான்னு கேக்கறீங்களா? சொல்லோணும்னுதானுங்க போனேன். காலையில மூணு மணிக்கு வேன் ஏறினதுல இருந்து வார்த்தையெல்லாம் வரிசையா அடுக்கி வெச்சிருந்தேன். லென்ஸக் கீழ போட்டதுல இருந்து ஆரம்பிச்சு. பொண்ணு கல்யாணம் முடிஞ்சா அவனுக்கு ஒரு பாரம் எறங்கும், அந்த நேரத்துல இதையும் எறக்கி வெச்சுரலாம்னு.

முகூர்த்தத்துக்கு முன்னாடி பொண்ணுக்கு அலங்காரம் பண்ணற ரூம்புல இருந்தேன். மைதிலின்னு பேரு. ஜன்னல் பக்கம் சேர் போட்டு உக்கார வெச்சிருந்தேன், வெளிச்சம் நல்லா இருந்துச்சு. திருமூர்த்தி உள்ள வந்தான். பட்டு வேட்டி, பட்டுத் துண்டு, பொண்ணப் பெத்தவன் கோலம். கையில ஒரு மஞ்சப் பை. தயங்கித் தயங்கி அதுக்குள்ள இருந்து எடுக்கறான், அவனோட பழைய பாடி. அதே லென்ஸ். ஏழு வருசமா மாசாமாசம் பேட்டரிய சார்ஜ் போட்டு வெச்சிருந்திருக்கறான். ருக்குமணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

‘மாப்ளே, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனச்சுக்காத. என்ற புள்ளைய ஒரே ஒரு படம் நான் எடுத்துக்கட்டுமா? நீ போகஸ் மட்டும் வெச்சுக் குடு. நான் சும்மா பட்டன அமுத்திக்கறேன்’னான்.

என்றகிட்டக் கேக்கறான் சார். உத்தரவு கேக்கற மாதிரி.

நான் கேமராவ வாங்கினேன். அப்ப எனக்கு ஒரு யோசனை தோணுச்சு. நல்ல யோசனைன்னுதான் இப்பவும் நெனைக்கறேன். நான் ஒண்ணுமே பண்ணல. சும்மா மெனுவுக்குள்ள போனேன், வந்தேன். லென்ஸ் வளையத்தத் திருப்பற மாதிரி கைய வெச்சுட்டு எடுத்தேன். ‘வெச்சுட்டேன், எடு’ன்னு அவன் கையில குடுத்தேன். அவன் எடுக்கட்டும். நல்லா வரும், வராம எங்க போகும்? வந்ததுக்கப்பறம் எல்லார்த்துக்கும் முன்னாடி சொல்லலாம். ‘மாப்ளே, நான் ஒரு மண்ணும் வெக்கல. புள்ளி வெச்சதும் நீதான், எடுத்ததும் நீதான். உன்ற கண்ணு என்னிக்கும் கெடல’ன்னு. அதச் சொன்னா மத்ததும் தானா வாயில வந்துரும்.

அவன் மண்டி போட்டான். பட்டு வேட்டியோட, வெறுந்தரையில. மைதிலி, ‘அப்பா, வேட்டி அழுக்காயிரும்’னுச்சு. ‘நீ என்னையப் பாரு சாமி’ன்னான். கேமராவக் கண்ணுல வெச்சான். அதே பழைய ஆளு சார். மூச்ச அடக்கறது, முழங்கைய நெஞ்சுல ஒட்டறது, எல்லாம் அதே. ஒரே ஒரு படம். அமுத்திட்டுக் குனிஞ்சு ஸ்கிரீனப் பாக்கல. என்றகிட்டக் குடுத்து, ‘நீ பாரு’ன்னான்.

பெருசு பண்ணினேன். கண்ணு. இமை முடி. முடி முடியா. அந்தப் புள்ளைக்குக் கண்ணுல லேசாத் தண்ணி கோத்திருந்துச்சு, அந்தத் தண்ணிக்குள்ள ஜன்னல் தெரிஞ்சுச்சுங்க. நானும் இத்தன வருசமா மணவறையில நிக்கறேன், அப்படி ஒண்ணு எடுத்ததில்ல.

காமிச்சேன். அவன் பாத்தான். ருக்குமணி பாத்துச்சு. ரூம்புல இருந்த பொம்பளைங்க எல்லாம் கூடிட்டாங்க. திருமூர்த்தி முழுசாச் சிரிச்சான். சிரிச்சுட்டு என்ற தோள்ல கையப் போட்டு எல்லார்த்துக்கும் சொன்னான், ‘பாத்தீங்களா, லோகு வெச்ச போகசு! ஏழு வருசங் கழிச்சும் என்னைய மாதிரி ஆளு எடுத்தாக்கூட எப்படி விழுகுது பாருங்க. தொழில்காரன்னா இவன் தொழில்காரன்.’

பொம்பளைங்க எல்லாம் என்னையப் பாக்கறாங்க. மைதிலி, ‘தேங்க்ஸ் மாமா’ங்குது. நான் தலைய ஆட்டினேன் சார். ஆமான்னு ஆட்டினேன்.

அப்பறம் முகூர்த்தம். தாலி கட்டினது, பந்தி, ஒரம்பரச் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தராப் படம் எடுக்க நிக்கறாங்க, அவனத் தனியாப் புடிக்கவே முடியல. கெளம்பறப்ப மண்டபத்து வாசல் வரைக்கும் வந்தான். சம்பந்தி ஊட்டுக்காரங்களும் கூடவே வந்தாங்க. அந்த மஞ்சப் பைய என்றகிட்ட நீட்டினான்.

‘இத நீயே வெச்சுக்க மாப்ளே. என்ற புள்ளைய ஒரு படம் எடுக்கோணும்னுதான் இத்தன நாள் விக்காம வெச்சிருந்தேன். எடுத்தாச்சு. இனி என்ற கையில இருந்து என்ன ஆகப்போகுது? உன்ற கையில இருந்தா நாலு கல்யாணம் பாக்கும்.’

ஆமாங்க, இதா மடியில இருக்குதே, இந்தப் பைதான். வேண்டாம்னு சொல்லத்தான் நெனச்சேன். சம்பந்தி ஊட்டுக்காரங்க எல்லாம் நின்னு பாத்துட்டு இருந்தாங்க. ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டேன்.